எட்டாம் பக்கத்தில் யானை

புத்தகத்தில் யானைக்கு நீல நிறம்.
எங்களுக்குச் சாம்பல்தான் கிடைத்தது,
பிறேமிளாவின் தம்பி போட்டுக் கழித்த நீளக் காற்சட்டை.
தும்பிக்கை, மருந்தடிக்கிற மெசினின் குழாய்.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும்
மழைநாளில் இன்னும் மணக்கும்.
காதுகள் சீமெந்துப் பை.
ஆட்டினால் சரசரக்கும்.
யோசித்துச் செய்ததல்ல அது,
ஆனால் யானை வரமுன்னமே
பிள்ளைகள் வாயை மூடுவது அந்தச் சத்தத்துக்குத்தான்.

எலி யூட்டினுடையது.
அவனுக்கு இடக்கையில் மூன்று விரல்.
எலிக்கு மூன்று காணும்:
தலைக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு.
மிச்சம் இரண்டை எங்கே மடிப்பதென்று
நானும் பிறேமிளாவும்தான் ஒரு மாதம் பழகினோம்.

இருபத்து நாலு பக்கம்.
பக்கத்துக்கு ஒரு வசனம், சிலதில் அதுவுமில்லை.
ஐந்தாம் பக்கம் முழுக்கக் கறுப்பு,
மூலையில் மட்டும்
தீப்பெட்டி அளவில் ஒரு மஞ்சள் யன்னல்.
அதை எப்படி ஆடுவது?
விரிப்புக்குப் பின்னால் மூன்று பேரும்
ஒன்றும் செய்யாமல் இருப்பதென்று முடிவெடுத்தோம்.
பத்து எண்ணும்வரை.
எந்த ஊரிலும் ஏழுக்குள்
"முடிஞ்சுதா?" என்று ஒரு குரல் கேட்கும்.

ஒலுமடுவில் கேட்கவில்லை.
பத்தொன்பது பேர், பாயில், தகரத்துக்குக் கீழே.
இருட்டில் சும்மா இருந்து காதுகொடுக்க
அவர்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.

பிறகு எட்டாம் பக்கம்.
பசித்த யானை கதவைத் தட்டும்.
எலி திறக்கும்.
இருவரும் ரொட்டி சாப்பிடுவார்கள்.
அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

தட்டினேன்.

"திறக்காதை!"
ஒருத்தன் எழும்பிவிட்டான்.
"வெடி கொளுத்துங்கோ! வெடி!"
பிறகு எல்லோரும்.
ஒருத்தி தண்ணிப் போத்தலால் நிலத்தில் அடித்தாள்,
இன்னொருத்தி கதிரையில்.
பயந்த பிள்ளைகளின் கூச்சலல்ல அது.
வேலை தெரிந்த ஆக்களின் கூச்சல்.

ரீச்சர் விரிப்பின் ஓரத்தால் தலையை நீட்டினா.
"கனிஸ்ரன்ர தேப்பன் ராவில காவல் பரணில.
முந்தநாள் வாழை முழுக்கப் போட்டுது."

யூட் எலியை மெல்ல உயர்த்தினான்.
"பசியெண்டு வந்திருக்கு."
"எங்கட வாழைக்கும் அப்பிடித்தான் வந்தது."
"இது குட்டியெல்லோ."
"தாய் பின்னால நிக்கும்."
எலியிடம் அதற்குமேல் வசனமில்லை.
பிறேமிளா நிலவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.
நான் அசையாமல் இருந்தேன்.
"காதை ஆட்டேல்லை!" என்று கத்தினாள் ஒருத்தி,
"துரத்தப்போகுது!"
அவசரமாய் ஆட்டினேன்.

துணியின் நைந்த இடத்தால் பார்க்க,
கனிஸ்ரன் இடைவேளைச் சட்டிக்குப் போனான்.
அவித்த பயறு, தேங்காய்ப்பூ போட்டது.
ஒரு பிடி அள்ளினான்.
முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு
கையை மட்டும் யானைக்கு நீட்டினான்.

குழாயின் மறுநுனி என் சட்டைக் கைக்குள்.
பயறு இளஞ்சூடாக முழங்கைவரை ஓடியது.

"ஒரு பிடிதான். இனிப் போகோணும்."
"எங்க?" என்றது எலி.
"வேலிக்கு அங்கால."
கொஞ்சம் நின்று,
"கறண்டில முட்டாமப் போகச் சொல்லுங்கோ."

யானை போனது.
பதினாறு பக்கம் மிச்சம்:
ரொட்டி, ஒரே போர்வை, விடியல்.
ஒருவரும் கேட்கவில்லை.
பிறேமிளா நிலவை இறக்கிச் சாக்கில் வைத்தாள்.

நாளைக்குத் துணுக்காய்.
அங்கே கதவைத் திறப்பதா என்று
மாங்குளச் சந்தித் தேத்தண்ணிக் கடையில்
கதைக்கத் தொடங்கினோம்.
கிளாசுக்குக் கை நீட்ட
சட்டைக் கையிலிருந்து இரண்டு பயறு
மேசையில் விழுந்தது.
யூட் ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.
"உப்புக் காணாது" என்றான்.